குடை வண்டி

என் பெயர் வருஷக்கணக்கில் வேன் மேல் ஏறி ஓசூர் முழுக்கச் சுற்றியிருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் என்னவென்று கேட்டால் ஓசூரில் ஒருத்தருக்கும் தெரியாது. அதனால் இங்கேயும் நான் அதைச் சொல்லப் போவதில்லை. அத்தனை பெரிதாக எழுதி வைத்திருந்தபோதே படிக்காதவர்கள் இப்போது படித்து என்ன ஆகப் போகிறது?

அப்பாவும் சித்தப்பாவும் பேரிகைக் கிராமத்துப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்கள். யாரோ ஒரு முதலாளியின் கம்பெனி பஸ்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்தவன் வண்டியை எத்தனை நாள் துடைப்பது என்று சித்தப்பாதான் முதலில் ஆரம்பித்தார். பழைய வெள்ளை வேன் ஒன்று வீட்டு வாசலுக்கு வந்தது. ஒரு ஃபேக்டரி ஆட்களை ஷிஃப்டுக்குக் கொண்டுபோய் இறக்கி, ஷிஃப்ட் விட்டதும் திரும்பக் கூட்டிவர வேண்டும். அதுதான் தொழில். வண்டிக்குப் பெயர் வைக்கும் பேச்சு வந்தபோது யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. குடும்பத்துக்கு மூத்த பிள்ளை நான். என் பெயருக்குப் பின்னால் டிராவல்ஸ் என்று சேர்த்தார்கள், முடிந்தது.

எனக்கு அப்போது பத்து வயசு. சித்தப்பா மகள் என்னைவிடச் சில மாதம்தான் சின்னவள். ஒரே வீடு, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். தீபாவளிக்கு ஒரே துணியில் இரண்டு பாவாடை தைத்தால் அவளுக்குத்தான் எடுப்பாக இருக்கும். அதை அம்மாவே வாய்விட்டுச் சொல்வாள். அப்படிப்பட்டவளுக்கு முன்னால் எனக்கென்று ஒரு வேன் பெயர் கிடைத்தால் சும்மா இருப்பேனா? பெயர் ஒட்டிய அன்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பால் ஊற்ற வந்தவரை நிறுத்திப் படிக்கச் சொன்னேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெயர் மட்டும் போதாது என்பது ஒரே வாரத்தில் தெரிந்தது. ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே நிற்கிற வேன் எல்லாமே வெள்ளை. வேலை செய்கிறவர்களோ பல தினுசு. நம் கிராமத்துப் பெண்கள், அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரர்கள், குப்பம் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள், எங்கிருந்தோ ரயிலேறி வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற இந்திக்காரப் பிள்ளைகள். தமிழில் எழுதின என் பெயரை அதில் பாதிப் பேரால் படிக்க முடியாது. நாலு பாஷையிலும் எழுதினால் வண்டியில் கண்ணாடி வைக்க இடமிருக்காது. படம் ஒன்று வேண்டும் என்று முடிவானது.

ஸ்டிக்கர் கடையில் ஒரு ஆல்பம் இருந்தது. கழுகு, சிங்கம், ஓடுகிற குதிரை. ஊரில் உள்ள வண்டி எல்லாவற்றிலும் அவைதான் இருந்தன. சாமி படம் போடலாம் என்றால் சித்தி ஒத்துக்கொள்ளவில்லை, செருப்புக்காலோடு ஏறி இறங்குகிற கதவுப் பக்கம் சாமி ஆகாது என்றாள். அதற்கு மேல், வண்டியில் வருகிறவர்கள் எல்லாச் சாமியும் கும்பிடுகிறவர்கள். "நம்ம வூட்டுப் புள்ளைங்களே வரையட்டும், எவன்கிட்டயும் இல்லாத படமா இருக்கணும்" என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு அப்போதே தெரியும், பேர் என்னுடையது என்றால் படமும் என்னுடையதுதான் என்று. வேறு எப்படி இருக்க முடியும்?

நான் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் குப்புறப் படுத்து வரைந்தேன். ஏழு குதிரை பூட்டிய தேர். குதிரைகளுக்குப் பிடரி, தேருக்கு ஆரக்கால், ஆரக்காலுக்கு நடுவில் பூ. பின்னால் சூரியன் உதிக்கிறது. கீழே தாமரை. தேர் உச்சியில் கொடி, அந்தக் கொடியில் குட்டியாக என் பெயர் இன்னொரு தடவை. கலர் பென்சில் தேய்ந்து விரல் வலித்தது. அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எடுத்துக் காட்டினாள்.

சித்தப்பா மகள் என்ன வரைந்தாள் தெரியுமா? ஒரு குடை. விரித்த குடை, ஒரு வளைவு, ஒரு கம்பி, கீழே ஒரு கொக்கி. உள்ளே ஆரஞ்சுக் கலரை அப்பியிருந்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வரைகிற படம். தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் முடித்துவிட்டாள். ஏன் குடை என்று அப்பா கேட்டதற்கு, "எனக்குக் குதிரையெல்லாம் வராது பெரியப்பா" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

என் தேர்தான் ஜெயித்தது. பின்னே? சித்தப்பா அவள் தலையைத் தட்டி, "அக்காளுது நல்லா கீதுல்ல, அதயே போட்ருவோம்" என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். கொஞ்சமாவது அழுவாள் என்று நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன், அழவில்லை. ஸ்டிக்கர் கடை அண்ணன் என் படத்தைப் பார்த்து, "சூப்பர் பாப்பா, அப்படியே வெட்டிரலாம்" என்றார். அந்த அண்ணன் எல்லாவற்றுக்கும் சூப்பர்தான் சொல்வார் என்று எனக்கு அப்போது தெரியாது. கலர் கலராக வெட்டினால் செலவு ஏறும் என்று ஒரே சிவப்பில் வெட்டி, கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே உள்ள இடத்துக்குத் தக்கபடி சுருக்கி ஒட்டிக் கொடுத்தார். சூரியனும் தாமரையும் இடம் பத்தாமல் போய்விட்டன. கொடியில் இருந்த என் பெயர் ஒரு புள்ளியானது. ஆனாலும் எனக்கு அது தேராகத்தான் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை. மதிய ஷிஃப்ட் விடுகிற நேரம் பார்த்து நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். என் படத்தைத் தேடி ஜனங்கள் ஓடிவருவதை நேரில் பார்க்க வேண்டாமா? தலை வாரி, பூ வைத்து, முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா மகளையும் கூட்டிக்கொள்ளச் சொன்னார்கள், வேண்டுமென்றே பின் சீட்டுக்கு அனுப்பினேன்.

கேட் திறந்ததும் ஒரே நிற யூனிஃபார்ம் கோட்டுப் போட்ட பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு எல்லா அவசரமும் ஒன்றாக வரும். பஸ் பிடிக்கணும், பிள்ளை வீட்டில் தனியாக இருக்கும், அடுப்பு காத்திருக்கும். ஓட்டமும் நடையுமாக வந்தவர்கள் வரிசையாக நின்ற வெள்ளை வண்டிகளைப் பார்த்துத் திகைத்தார்கள். ஒருத்தி எங்கள் வண்டியைத் தாண்டிப்போய் முன் வண்டியில் ஏறினாள். பின்னாலேயே ஒரு கும்பல் போனது. அப்பா இறங்கி நின்று கையை ஆட்டிக் கத்தினார். அப்போதுதான் ஒரு தெலுங்குக்கார அக்கா தூரத்திலிருந்து தன் கூட்டாளியைப் பார்த்து, "ஜெர்ரி பண்டி வச்சிந்தா?" என்று குரல் கொடுத்தாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் வண்டியைத்தான் கை காட்டினாள்.

"ஜெர்ரின்னா என்னா சித்தப்பா?" என்று கேட்டேன்.

அவர் ஸ்டியரிங் மேல் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பூரான், கண்ணு" என்றார்.

இறங்கி ஓடிப்போய் எதிர்ச் சாரியில் நின்று பார்த்தேன். ஐயோ! ஏழு குதிரைக்கும் சேர்த்து இருபத்தெட்டுக் கால். குதிரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே நீளக் கோடாக, கோட்டுக்குக் கீழே கால் கால் காலாக, தேர் தலை மாதிரி நிமிர்ந்து, அசல் பூரான். சிவப்பு வேறு. ஏறின ஒரு பெண் அந்தப் படத்தில் கை படாமல் ஒதுங்கி ஏறினாள். பின் சீட்டிலிருந்தவள் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. சிரித்திருந்தால் ஒரு அறை விட்டிருக்கலாம்.

வண்டி பாதி காலியாகக் கிளம்பியது. ஆட்கள் வண்டி மாறி ஏறி, எங்கேயோ இறங்கி, ஒரே கலாட்டா. ஃபேக்டரியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர் அப்பாவை நிற்கவைத்துத் திட்டினார். இனி ஒரு தடவை இப்படி ஆனால் அந்த ரூட் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார். இருந்த வேலையை விட்டுவிட்டு அண்ணனும் தம்பியும் அந்த ஒரு ரூட்டை நம்பித்தான் வேன் வாங்கியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேராகப் போய் இரண்டு காகிதத்தையும் எடுத்தார், என்னுடையது, அவளுடையது. எங்கள் வீட்டுக்கு எதிரே ரோட்டைத் தாண்டி ஒரு லாரி ஷெட்டின் காம்பவுண்டுச் சுவர் இருந்தது. அதில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். இந்தப் பக்கம் வந்து, இன்னும் பின்னால் போய், தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய் நின்றுகொண்டு தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்த ஆரம்பித்தார். காய்கறி வண்டிக்காரர், டியூஷன் முடிந்து வந்த பையன்கள், வேலைக்குப் போகிற ஒரு இந்திக்கார அண்ணன்.

"அங்க என்னா தெரியுது?"

எல்லாரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். குடை என்றார்கள். கொடெ என்றார் கன்னடக்காரரான அந்தக் காய்கறி வண்டிக்காரர். கொடுகு என்றாள் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா. சாத்தா, சாத்தா என்றார் இந்திக்கார அண்ணன், ஒரு கையைத் தலைக்கு மேல் கவிழ்த்துக் காட்டிக்கொண்டே. அது எதற்கு என்று யாரும் கேட்கக்கூட இல்லை, பார்த்ததும் சொல்லிவிட்டுப் போனார்கள். "பக்கத்துல?" என்று அப்பா கேட்டால் மட்டும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ரயிலா என்றான் ஒருத்தன். சீப்பா என்றான் இன்னொருத்தன்.

"தேரு! ஏழு குதிர பூட்டின தேரு!" என்று நான் கத்தினேன்.

"உன்ன கேக்கல" என்றார் அப்பா.

அவ்வளவுதான். மறுநாளே என் தேரைச் சுரண்டி எடுத்தார்கள். எனக்கு முன்னால் வைத்தே சுரண்டினார்கள், கொஞ்சம்கூட ஈவிரக்கம் இல்லாமல். வண்டியின் இரண்டு பக்கமும், பின்கண்ணாடியிலும், முன்னாலும், கதவு உயரத்துக்கு ஆரஞ்சுக் குடை ஏறியது. குடைக்கு இடம் விடுவதற்காக என் பெயரைக் கீழே தள்ளிச் சின்னதாக்கினார்கள். இதைக் கேட்பார் இல்லை.

அன்றிலிருந்து ஆட்கள் மாறி ஏறவே இல்லை. கேட்டை விட்டு வெளியே வரும்போதே குடை தெரிந்துவிடும், பேசிக்கொண்டே வந்து ஏறுவார்கள். சூப்பர்வைசரே இன்னொரு ரூட்டும் கொடுத்தார். இன்னொரு வேன் வந்தது, அதிலும் என் பெயர் பொடிசாக, குடை பெரிசாக. பஸ் ஸ்டாண்டில் கேட்டாலும் பெட்ரோல் பங்கில் கேட்டாலும் குடை வண்டி. போனை எடுத்தால் "குடை வண்டி அண்ணாங்களா?" பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைப் பார்த்து, "நீ குடை வண்டி வீட்டுப் பொண்ணுதானே?" என்றார். அந்த வண்டிக்கே என் பேர் டீச்சர், அட்டெண்டன்ஸில் தினமும் கூப்பிடுகிறீர்களே அந்தப் பேர்! சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்திலிருந்த பிள்ளைகள் சித்தப்பா மகளைக் கை காட்டி, "குடை வரைஞ்சது இவதான் டீச்சர்" என்றார்கள். டீச்சர் அவளைக் கூப்பிட்டுப் போர்டில் வரையச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள்.

எனக்குப் பற்றி எரிந்தது. எரிந்தது என்றால் சும்மா இல்லை, அவள் தட்டில் விழுகிற கரண்டிச் சோற்றைக்கூட எண்ணிக்கொண்டிருந்தேன். வண்டியில் வருகிற இந்திக்கார அக்கா ஒருத்தி ஊருக்குப் போய்த் திரும்பும்போது அவளுக்கு ஜிகினா வைத்த கிளிப் வாங்கி வந்தாள். எனக்கும் ஒன்று வாங்கி வந்திருந்தாள், பாவம் பிள்ளை பார்க்கிறதே என்று. அந்தப் பாவம்தான் எனக்குத் தாங்கவில்லை. சமையலறையில் அம்மாவும் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள். "நேரம் நல்லாருந்தா கோடு இழுத்தாக்கூட குடை ஆயிரும்" என்று சித்தி காதில் விழுகிற மாதிரிச் சொல்வாள்.

நானும் விடவில்லை. குடைக்கு மயில் கைப்பிடி வைத்து வரைந்து கொண்டுபோனேன். குடையிலிருந்து மணி தொங்குகிற மாதிரி வரைந்து கொண்டுபோனேன். கடைசியில் இறங்கிவந்து, குடைக்குள் என் பெயரையாவது எழுதுங்கள் என்று கேட்டேன். அப்பா டீயை ஆற்றிக்கொண்டே பார்த்துவிட்டு, "குடைக்குள்ள எழுத்து வந்தா தூரத்துக்குக் குடை நிக்காது" என்றார். ஆயுத பூஜை அன்று வண்டிகளைக் கழுவி மாலை போட்டபோது, முதல் பொட்டைச் சித்தப்பா மகள் கையால் வைக்கச் சொன்னார்கள். அவள் குடையில் சந்தனத்தை அப்பிவிட்டுக் கீழே குனிந்து என் பெயருக்கும் எழுத்து எழுத்தாகப் பொட்டு வைத்தாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் பெரியவர்களுக்குள் மனசு கசந்தது. எதனால் என்று இன்றுவரை யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிய ஆரம்பித்தால் காரணம் தேட வேண்டியதில்லை. சித்தப்பா தனியாகச் சூளகிரிக்குப் போவதாகவும், ஆளுக்கு ஒரு வேன் என்றும் பேச்சானது. காவேரிப்பட்டணத்திலிருந்து அம்மா வழித் தாத்தா வந்து நடுவில் உட்கார்ந்தார். வண்டி பிரிப்பதில் தகராறு இல்லை. குடையில்தான் வந்து நின்றது.

ஒரே ஃபேக்டரிக்கு இரண்டு பேரும் வண்டி விடப் போகிறார்கள், வேறு வேறு ரூட். இரண்டிலும் குடை இருந்தால் ஆட்கள் மறுபடி மாறி ஏறுவார்கள். குடை யாரிடம் இருக்கிறதோ அவரை ஜனங்கள் தாங்களாகத் தேடி வருவார்கள், மற்றவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அது உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். பஞ்சாயத்து என்றால் வாய் திறக்காத சித்தி அன்று திறந்தாள். "எம்புள்ள போட்ட படம், எங்ககூடத்தான் வரும்" என்றாள். முதலில் ஒட்டினது எங்கள் வண்டியில் என்றாள் அம்மா. அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். குடை போனால் அவர் என்ன ஆவார் என்பதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. ஊரில் உள்ள சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன், குடை அவளோடு தொலையட்டும் என்று. போய்விட்டால் எங்கள் வண்டியில் என் பெயர் மட்டும் நிற்கும். பழையபடி பெரிதாக எழுதச் சொல்லலாம்.

சண்டை முற்றுகிற நேரத்தில் தாத்தா, "வரைஞ்ச புள்ளையவே கேளுங்கப்பா" என்றார்.

அவள் கதவோரம் நின்றிருந்தாள். சித்தி அவளைக் கண்ணாலேயே மிரட்டினாள். அவள் சித்தியைப் பார்க்கவில்லை, யோசிக்கவும் இல்லை. ரொம்ப நாளாக வாயிலேயே வைத்திருந்த மாதிரி சட்டென்று சொன்னாள்.

"குடை பெரியப்பாவே வச்சிக்கட்டும். எங்க வண்டிக்கு எம் பேரு போடுங்கப்பா."

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. சித்தப்பா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "சரி கண்ணு" என்று மட்டும் சொன்னார். எனக்கோ பொங்கிக்கொண்டு வந்தது. போகிற போக்கிலும் என்னை விட்டுவைத்தாளா? குடையை என் தலையிலேயே கட்டிவிட்டுப் போகிறாளே!

சூளகிரியில் அவர்கள் பால் காய்ச்சினபோது போயிருந்தோம். வாசலில் வேன் நின்றிருந்தது. குடை இருந்த இடம் தெரியாமல் துடைத்து, பக்கவாட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவள் பெயர். படம் எதுவும் இல்லை. அந்த வண்டியை யாருக்கும் அடையாளம் தெரியாமல், சித்தப்பா மாதக்கணக்கில் கேட் வாசலில் நின்று ஊர்ப் பெயரைக் கூவிக் கூவி ஆள் சேர்த்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். புதுப் பாவாடையைக்கூடக் காட்டவில்லை. வண்டிக்கு முன்னால் நிற்கவைத்து, "படி அக்கா" என்றாள். படித்தேன். "இன்னொரு தடவ" என்றாள். மறுபடி படித்தேன். அவள் உதடும் கூடவே அசைந்தது. கண்ணெல்லாம் தண்ணீராக நின்றாள். ஊரே தேடுகிற குடையை விட்டுவிட்டு, ஒருத்தரும் படிக்காத எழுத்தைப் பார்த்து எதற்கு அழுகிறாள் இந்தப் பைத்தியம் என்று நினைத்தேன்.

கிளம்புவதற்கு முன் இரண்டு வண்டியின் எழுத்தையும் கையால் அளந்து பார்த்தேன். அவள் பெயர் என் பெயரைவிட ஒரு சாண் பெரிதாக இருந்தது.